பள்ளியிலும் முகாமிலும் செவிலியர் வேலை: அன்றாடச் சிக்கல்கள் என்னென்ன?

கேள்வி இதுதான்: மருத்துவமனை வார்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்த செவிலியர் ஒருவர் பள்ளிக்கோ, பிள்ளைகள் தங்கிப் பங்கேற்கும் முகாமுக்கோ மாற நினைக்கிறார். சிராய்ப்புக்கு மருந்து போடுவது, காய்ச்சல் பார்ப்பது தவிர அங்கே என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது என்று கேட்கிறார்.

வார்டுக்கு வருகிறவரை ஒரு மருத்துவர் ஏற்கெனவே பார்த்து, என்ன கொடுக்க வேண்டும் என்று எழுதியும் வைத்திருப்பார். பள்ளியில் அந்த முதல் முடிவே உங்கள் தலையில் விழுகிறது. லேப் கிடையாது, எக்ஸ்ரே கிடையாது, பக்கத்துக் கட்டிலைப் பார்க்கும் சீனியர் கிடையாது. வந்து நிற்கும் பிள்ளையை வகுப்புக்குத் திருப்பி அனுப்புவதா, கொஞ்ச நேரம் வைத்துப் பார்ப்பதா, வீட்டுக்குத் தகவல் சொல்லி அனுப்புவதா, ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா என்று நாள் முழுக்க முடிவெடுத்துக்கொண்டே இருப்பீர்கள். அதுவும் வாசலில் இன்னும் ஐந்து பேர் காத்திருக்கும்போது.

இந்த வேலை தொடங்கிய கதையிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 1902-ல் நியூயார்க் பள்ளிகளில் மருத்துவ ஆய்வாளர்கள் கண்நோய், தோல்நோய், பேன் என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அனுப்பப்பட்டவர்களுக்குச் சிகிச்சை தர ஆள் இல்லை. அவர்கள் திரும்பி வரவும் இல்லை. லினா ரோஜர்ஸ் என்ற செவிலியரை நான்கு பள்ளிகளில் சோதனையாக அமர்த்தினார்கள். சின்னச் சின்னத் தொற்றுகளுக்குப் பள்ளியிலேயே மருந்து போட்டு, வீட்டுக்கே போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்ததில், ஒரே ஆண்டில் வெளியேற்றப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை மிகப் பெரிய அளவில் குறைந்தது. பிள்ளையை வகுப்பில் இருக்க வைப்பதுதான் வேலை. வீட்டுக்கு அனுப்புவது எளிது, அதற்குச் செவிலியர் தேவையில்லை. ஆனால் நூறில் ஒரு பிள்ளையை உடனே அனுப்பியாக வேண்டும். அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதில்தான் உங்கள் திறமை முழுவதும் செலவாகும்.

வயிற்று வலியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளியிலும் முகாமிலும் அதிகம் கேட்கும் புகார்களில் இது ஒன்று. பெரும்பாலும் காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார்கள், அல்லது பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் நாள் கணக்கில் அடக்கி வைத்து மலச்சிக்கலாகியிருக்கும், அல்லது அடுத்த பாடவேளையில் பரீட்சை இருக்கும். ஆகவே முதல் மூன்று கேள்விகள்: கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டாய், கடைசியாக எப்போது மலம் கழித்தாய், அடுத்து என்ன வகுப்பு? பாதிப் பேருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும்.

மீதியில்தான் கவனம் வேண்டும். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி, பசியே இல்லாமல், அசையாமல் படுத்திருக்கும் பிள்ளைக்குக் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே குதித்தால் ஓரளவு நிம்மதி, குதிக்க மறுத்தாலோ குதித்ததும் வயிற்றைப் பிடித்தாலோ சாப்பாடும் தண்ணீரும் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தொண்டையில் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாத் தொற்று உள்ள சின்னப் பிள்ளைகளும் நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா உள்ளவர்களும்கூட வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதனால் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல் தொண்டையைப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள். வாந்தியோடு வயிற்று வலி, கூடவே சில வாரங்களாக அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் இளைப்பு என்றால் இதுவரை கண்டுபிடிக்கப்படாத முதல் வகை நீரிழிவாக இருக்கலாம். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருந்து, வாயில் பழ வாடை அடித்தால் காத்திருக்கவே கூடாது. குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும். வயிற்றுக் கோளாறு என்று படுக்க வைத்து ஏமாறுவது இங்கேதான் அதிகம்.

இன்னொன்று, பையன்கள் வெட்கத்தால் மறைப்பது. விதை முறுக்கிக்கொண்டாலும் வலி அடிவயிற்றில் என்று மட்டும் சொல்வதுண்டு. முறுக்கை ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் அறுவை மூலம் சரி செய்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும். வளரிளம் பையன் திடீர் வலியோடும் குமட்டலோடும் வந்தால், தனியாக அழைத்து, "கீழே வலிக்கிறதா, வீங்கியிருக்கிறதா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். மற்ற பிள்ளைகள் காதில் விழும்படி கேட்டால் உண்மை வராது. மருத்துவ அறையில் ஒரு திரைச்சீலையாவது வேண்டும் என்று நிர்வாகத்திடம் அடம்பிடிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

அடிக்கடி வருகிற பிள்ளைகள் தனிக் கதை. வருகைப் பதிவேட்டில் பெயர், தேதி, மணி, பாடவேளை நான்கையும் குறித்து வந்தால் சில வாரங்களில் ஒழுங்கு ஒன்று தெரியும். ஒரே பாடவேளை என்றால் பாடத்திலோ ஆசிரியரிடமோ பயம் இருக்கலாம். இடைவேளைக்குச் சற்று முன்பு என்றால் விளையாட்டு மைதானத்தில் யாராவது மிரட்டலாம். திங்கட்கிழமைக் காலை மட்டும் என்றால் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தலைவலிக்காரர்களைக் கரும்பலகை தெரிகிறதா என்றும் கேளுங்கள். கண்ணாடி வாங்கியதும் வருகை நின்றுவிடுகிற பிள்ளைகள் உண்டு. நடிக்கிறான் என்று ஆசிரியர் சொல்லி அனுப்பினாலும், ஒவ்வொரு தடவையும் வெப்பநிலை, நாடித்துடிப்பு, ஒரு சிறு பரிசோதனை ஆகியவற்றைத் தவிர்க்காதீர்கள். இருபது முறை சும்மா வந்தவனுக்கும் இருபத்தோராவது முறை நிஜமாகவே ஏதாவது வரலாம்.

மருந்து கொடுப்பது வெளியிலிருந்து பார்க்க எளிது. பள்ளியில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான். முதல் விதி: மருந்துக் கடை லேபிளோடு மூலப் பெட்டியில் வராத எதையும், பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாத எதையும் வாங்கி வைக்கக் கூடாது. முகாமின் முதல் நாளில் பிளாஸ்டிக் பையில் பல நிற மாத்திரைகளைப் போட்டு, "வெள்ளை காலையில், மஞ்சள் ராத்திரியில்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். பின்னால் வரிசை நீண்டிருக்கும், பெற்றோர் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். அங்கே தளர்ந்தால் அடுத்த பத்து நாளும் நீங்கள் ஊகித்துக்கொண்டிருப்பீர்கள்.

பாராசிட்டமால் சிரப்பை எல்லோரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 300 மி.கி. என்றால், முதல் பாட்டிலில் 12.5 மி.லி., இரண்டாவதில் 6 மி.லி. "ரெண்டரை ஸ்பூன் குடுங்க" என்ற பெற்றோரின் வார்த்தையை நம்பி அடர்த்தியான பாட்டிலிலிருந்து ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். எடையைக் கேட்காதீர்கள், நிறுத்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், கொடுப்பதற்கு முன் வீட்டுக்கு ஒரு போன்: காலையில் ஏதாவது கொடுத்தீர்களா? வேலைக்குப் போக வேண்டிய பெற்றோர், காய்ச்சலடிக்கும் பிள்ளைக்கு ஏழு மணிக்கு ஒரு டோஸ் கொடுத்து அனுப்பிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. மருந்தின் வேகம் நான்கைந்து மணி நேரத்தில் இறங்கும். பதினொரு மணிக்குப் பிள்ளை நடுங்கிக்கொண்டு உங்கள் வாசலில் நிற்கும். நான்கு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு டோஸுக்கு மேல் இல்லை என்ற கணக்கு வீட்டில் கொடுத்ததையும் சேர்த்துத்தான். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது; ரேய் நோய்க்குறி என்ற அரிய, ஆபத்தான விளைவு அதற்குக் காரணம்.

கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக்கான மெதில்ஃபெனிடேட் போன்ற மாத்திரைகள் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும்; வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். மதிய மாத்திரை மாலைக்குத் தள்ளிப்போனால் ராத்திரித் தூக்கம் கெடும். நேரத்துக்கு வராத பிள்ளையைத் தேடிப் போவது யார் என்று முதலிலேயே பேசி வையுங்கள். விடுமுறைதானே என்று பெற்றோர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, முகாமுக்குச் சொல்லாமல் அனுப்புவதும் உண்டு. புது இடம், புது ஆட்கள், வழக்கமான ஒழுங்கு இல்லை என்ற நிலையில் அந்தப் பிள்ளைக்கு அது மிகக் கடினமான வாரமாகிவிடும். படிவத்தில் "இப்போது எடுக்கும் மருந்து" என்ற கேள்வியோடு "சமீபத்தில் நிறுத்திய மருந்து" என்ற கேள்வியையும் சேர்த்துவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். மருந்துத் தாளில் புகைப்படம் ஒட்டுவது இதற்காகத்தான். கொடுத்த உடனே குறிக்க வேண்டும். எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டுச் சேர்த்துக் குறிக்கலாம் என்று நினைக்கும் நாளில்தான் ஒருவனுக்கு இரண்டு தடவை போகும்.

ஆஸ்துமாவில் மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. இன்ஹேலர் காலியாக இருக்கும். எண்ணிக்கை காட்டாத பழைய வகையைக் குலுக்கிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மருந்து தீர்ந்த பின்னும் உள்ளே வாயு மிச்சமிருந்து "புஸ்" என்று வரும். ஆகவே திறந்த தேதியை மேலே எழுதுங்கள், எத்தனை தடவை அழுத்தினீர்கள் என்று எண்ணிக் கழித்து வாருங்கள். இரண்டாவது, ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) இல்லாமல் நேராக வாயில் அடிப்பது. மருந்தின் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் என்றால் குலுக்கி, ஸ்பேசரில் ஓர் அழுத்தம், நான்கு மூச்சு; இப்படி ஒவ்வொன்றாக நான்கு அழுத்தம், நான்கு நிமிடம் காத்திருந்து மாறுதல் இல்லையென்றால் மறுபடி நான்கு, கூடவே ஆம்புலன்ஸ். பிள்ளையின் சொந்தத் திட்டத்தில் வேறு கணக்கு எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் துடைக்காமல் காயவிட வேண்டும். துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது தவறு ஆபத்தானது: விசில் சத்தம் நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைப்பது. காற்றே போகாவிட்டாலும் சத்தம் நிற்கும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா, விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளிழுக்கிறதா, சோர்ந்து கண் சொருகுகிறதா என்று பாருங்கள். ஆக்சிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் எண்ணைக் குறைத்துக் காட்டும்.

கடும் ஒவ்வாமையில் எல்லோரும் தோலில் தடிப்பைத் தேடுவார்கள். தடிப்பே வராமல் மூச்சுத் திணறலும் வாந்தியும் மயக்கமுமாகவும் வரும். சின்னப் பிள்ளைகள் "நாக்கு முள்ளு முள்ளா இருக்கு", "தொண்டையில முடி மாட்டியிருக்கு" என்று சொல்லும். ஒவ்வாமை உள்ள பிள்ளை சாப்பிட்டுச் சில நிமிடங்களில் இப்படிச் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. முதல் மருந்து அட்ரினலின்தான். அரிப்புக்கான மாத்திரை கொடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று போகும் நிமிடங்களில்தான் உயிர் போகிறது. தொடையின் வெளிப்புறத் தசையில், உடைக்கு மேலேயே போடலாம். தானே குத்தும் பேனா வடிவ ஊசியில் ஏறக்குறைய 15 முதல் 30 கிலோ வரை 0.15 மி.கி., அதற்கு மேல் 0.3 மி.கி. பிறகு பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம், ஆனால் எழுந்து நடக்க விடாதீர்கள், சட்டென்று ரத்த அழுத்தம் விழும். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி. தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்பதால். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, ஊசி வரும் முனையில் கட்டைவிரலை வைக்காமல் முஷ்டியாகப் பிடிப்பதை ஒவ்வொருவரையும் செய்து காட்டச் சொல்லுங்கள். பதற்றத்தில் தன் விரலிலேயே குத்திக்கொள்வது அடிக்கடி நடக்கும் விபத்து. பேனாவைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது, வெயிலில் நிற்கும் வண்டியிலும் விடக் கூடாது. உங்கள் அறையில் பூட்டியும் வைக்கக் கூடாது. பூட்டிய அலமாரியின் சாவியோடு நீங்கள் வங்கிக்குப் போயிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்குச் சர்க்கரை தாழ்ந்தால் "போய் நர்ஸைப் பார்" என்று தனியாக அனுப்பிவிடுவார்கள். வழியில், படிக்கட்டில், அது மயங்கி விழும். தாழ்வை வகுப்பிலேயே சரி செய்ய வேண்டும் என்பதை ஆண்டின் முதல் நாளே எழுதிக் கொடுங்கள். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழ் இறங்கினால் வேகமாகச் செரிக்கும் மாவுச்சத்து 15 கிராம்: சுமார் 150 மி.லி. பழச்சாறு, அல்லது 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரை மூன்று நான்கு. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட் இதற்குச் சரிவராது, அதிலுள்ள கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தும். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் படுக்க வைத்து, மருத்துவர் எழுதிய, சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் மருந்தைப் போட்டு, ஆம்புலன்ஸ். எண் எதிர்பாராமல் அதிகமாகக் காட்டினால் கையைக் கழுவச் சொல்லி மறுபடி பாருங்கள், விரலில் பழச்சாறு ஒட்டியிருக்கலாம். முகாமில் இன்னொரு சிக்கல் சேரும். நாள் முழுக்க நீச்சலும் ஓட்டமும் இருந்தால் அதன் விளைவு அன்றோடு முடியாது, ராத்திரி இரண்டு மூன்று மணிக்குச் சர்க்கரை இறங்கும். இன்சுலினைக் குறைப்பது மருத்துவரின் முடிவு. ஆனால் நடு இரவில் எழுந்து சோதிக்கப்போவது நீங்கள். இன்சுலின் உறைந்துபோனால் உருக்கிப் பயன்படுத்தாதீர்கள், தூக்கி எறிந்துவிடுங்கள். குளிர்பெட்டிக்குள் 2 முதல் 8 டிகிரி காட்டும் வெப்பமானி ஒன்று கட்டாயம்; சமையலறைக் குளிர்பெட்டியில் ஐஸ் பெட்டியை ஒட்டி இன்சுலினை வைத்து வீணாக்குவது வழக்கமான கதை.

வலிப்பைப் பற்றிச் சுருக்கமாக: வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையைக் காலைப் பிடிக்காதீர்கள், பக்கவாட்டில் திருப்பி, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் எழுதிக் கொடுத்த அவசர மருந்து, ஆம்புலன்ஸ். பார்த்தவர்களிடம் எவ்வளவு நேரம் என்று கேட்டால் எல்லோரும் "பத்து நிமிஷம் இருக்கும்" என்பார்கள், அதனால்தான் கடிகாரம். சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் எழுதத் தொடங்கும் பிள்ளையைக் கனவு காண்கிறது என்று ஆசிரியர் திட்டிக்கொண்டிருப்பார். அதுவும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம், பெற்றோரிடம் சொல்லுங்கள்.

விளையாட்டு மைதான விபத்துகளில் தலையடிதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். மற்றவற்றுக்கு எளிய வழி உண்டு: மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்து மூக்கின் மென்மையான பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று இடையில் திறந்து பார்ப்பதுதான் நிற்காததற்குக் காரணம். விழுந்த பல் நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல் எடுத்து, மெதுவாக அலசி, குழியிலேயே பொருத்துங்கள், முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம். பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது. தலையடியில் அப்படி எளிய வழி இல்லை. முதலில் நன்றாகப் பேசிய பிள்ளை இரண்டு மணி நேரம் கழித்து வாந்தியெடுக்கும். நினைவிழப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பம், சமமில்லாத கண்மணிகள், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர், வலிப்பு: இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். எதுவும் இல்லையென்றாலும் அன்று விளையாட்டு கிடையாது, பெற்றோருக்குப் போனிலும் எழுத்திலும் தகவல், அடுத்த 24 முதல் 48 மணி நேரம் எதைக் கவனிக்க வேண்டும் என்ற தாள். பயிற்சியாளர் இறுதிப்போட்டி என்று கெஞ்சுவார். "இல்லை" என்று சொல்லும் அதிகாரம் உங்களுக்கு எழுத்தில் இருக்கிறதா என்று வேலையில் சேரும்போதே பாருங்கள்.

தொற்று நோயில் மருத்துவத்தைவிட மனிதர்களைச் சமாளிப்பதுதான் பெரிய பாடு. 38 டிகிரி காய்ச்சல் என்றால் வீடு, மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் விட்டிருந்தால் திரும்பலாம், வாந்தி வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆக வேண்டும் என்பன பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகள். வேலையை விட்டு வர முடியாத பெற்றோர் உங்களிடம் கோபப்படுவார்கள். விதியை நீங்கள் போட்டதாக இல்லாமல் சேர்க்கைப் படிவத்திலேயே அச்சடித்து, கையெழுத்து வாங்கியதாக இருந்தால் அந்த உரையாடல் பாதியாகச் சுருங்கும்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் முகாமுக்குள் வந்தால் கை சுத்திகரிப்பு ஜெல்லை நம்பாதீர்கள்; ஆல்கஹால் அதற்கு அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். வாந்தி எடுத்த இடத்தில் முதலில் காகிதத்தால் ஒற்றி எடுத்து, சோப்பு நீரால் கழுவி, அதன்பிறகு ப்ளீச். 5 சதவீத ப்ளீச் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்தால் சுமார் 5,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5,000 பங்கு) கிடைக்கும், பத்து நிமிடம் ஊற விடுங்கள். அழுக்கின் மேலேயே ப்ளீச் ஊற்றினால் அழுக்கே அதன் சக்தியைக் குடித்துவிடும். அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். கழிப்பறை அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். ஒரே கூடாரத்திலிருந்து ஒரே நாளில் மூன்று பேர் வாந்தி என்று வந்தால் நான்காமவருக்காகக் காத்திருக்காமல் சமையலறைக்கும் நிர்வாகிக்கும் அப்போதே சொல்லுங்கள்.

பேனால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் உங்கள் தொலைபேசி ஓயாது. பேன் குதிக்காது, பறக்காது; தலையோடு தலை படும்போதுதான் ஏறும். பார்த்த உடனே பிள்ளையை வகுப்பிலிருந்து கூட்டி வந்து வீட்டுக்கு அனுப்பினால் ஊருக்கே தெரிந்துவிடும். அன்றைய பள்ளி முடியட்டும், மாலையில் பெற்றோரிடம் தனியாகச் சொன்னால் போதும். ஈர் பொரிய ஒரு வாரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். அதனால்தான் ஒரு தடவை மருந்து போட்டு விட்டவர்களுக்கு மறுபடி வருகிறது. ஈரத் தலையில் பேன்சீப்பால் மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம் வாரச் சொல்லுங்கள். தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி ஒட்டியிருப்பது பெரும்பாலும் வெறும் கூடு.

முகாமுக்கே உரிய பாடுகள் தனி. வெயிலில் விளையாடிய பிள்ளை தலைசுற்றி, வியர்த்து, குமட்டினால் நிழல், தண்ணீர், ஓய்வு. ஆனால் உளறினால், நடை தள்ளாடினால், மயங்கினால் அது வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்குங்கள்: தொட்டி இருந்தால் கழுத்துவரை குளிர்ந்த நீரில், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். நெற்றி வெப்பமானி இங்கே ஏமாற்றும், வியர்வை அதைக் குறைத்துக் காட்டும். உண்ணி உள்ள இடங்களில் தினமும் மாலையில் மயிர்க்கோடு, காதுக்குப் பின், அக்குள், தொப்புள், கவட்டை, முழங்காலுக்குப் பின் என்று பார்க்கச் சொல்லுங்கள். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். சூடு வைப்பது, எண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். எடுத்த தேதியைக் குறித்துப் பெற்றோருக்குத் தெரிவியுங்கள், சில வாரம் கழித்துக் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவருக்கு அந்தத் தேதி தேவைப்படும்.

வீட்டு நினைவு பகலில் அதிகம் தெரியாது; சாப்பாட்டு நேரத்திலும் விளக்கணைக்கும் நேரத்திலும் வயிற்று வலியாக, தலைவலியாக உங்கள் கதவைத் தட்டும். "பிடிக்கலைன்னா வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று பெற்றோர் வாக்குக் கொடுத்து அனுப்பிய பிள்ளைக்கு மிகவும் கஷ்டம். மனம் ஒட்ட முயற்சியே செய்யாது. முகாமுக்கு முன்பே பெற்றோருக்கு எழுதும்போது இதைச் சொல்லுங்கள். மருத்துவ அறையைச் சொகுசாக்கிவிடாதீர்கள்: படுக்கை இருபது நிமிடம், விளையாட்டுச் சாமான் வேண்டாம், பிறகு நம்பகமான ஒரு வழிநடத்துநரோடு அடுத்த நிகழ்ச்சிக்கு. ஆனால் இரண்டு மூன்று நாளாகச் சாப்பிடவும் தூங்கவும் முடியாத பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பதில் பெருமை இல்லை. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகளுக்கு, மற்றவர்கள் காலை உணவில் இருக்கும்போது விரிப்பை மாற்றும் ஏற்பாட்டை முதல் நாளே செய்துவிட்டால் அந்தப் பிள்ளை வாரம் முழுக்கக் கேலியிலிருந்து தப்பிக்கும். மாதவிடாய்ப் பட்டைகளைப் பெண்பிள்ளைகள் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் இடத்தில் வையுங்கள்.

சில காயங்கள் விளையாட்டில் வருவதில்லை. முழங்காலும் முன்காலும் கன்றிப்போவது சகஜம்; காது, கழுத்து, முதுகு, உள்தொடையில் கன்றல், பெல்ட் போலவோ கைவிரல் போலவோ வடிவம், வெயிலிலும் கழற்றாத முழுக்கைச் சட்டைக்குள் வரிசையான கீறல்கள் என்றால் நின்று யோசியுங்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல?" என்று பிள்ளை கேட்கும். அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். பாதுகாப்பாக இருக்க உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். "அப்பா அடிச்சாரா?" என்று விடையை வாயில் ஊட்டாமல் "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டு, பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, சட்டப்படி யாருக்குத் தெரிவிக்க வேண்டுமோ அவருக்கு அன்றே தெரிவியுங்கள். விசாரிப்பது உங்கள் வேலையில்லை.

பதிவு எழுதும்போது "நலமாக உள்ளான்" என்று முடிக்காதீர்கள். "11.20: தலைவலி குறைந்ததாகச் சொன்னான், வாந்தி இல்லை, நேராக நடந்தான், கண்மணிகள் சமம், அம்மாவிடம் போனில் சொல்லப்பட்டது" என்று எழுதினால்தான் மறுநாள் கேள்வி வரும்போது அது உங்களுக்காகப் பேசும். ஆசிரியருக்கு நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை, என்ன நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தால் போதும். ஒவ்வாமைப் பட்டியலைப் பிள்ளைகள் படங்களோடு சுவரில் ஒட்டாமல் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

வேலையை ஒப்புக்கொள்ளுமுன் நிர்வாகத்திடம் சிலவற்றைக் கேளுங்கள். எந்த மருத்துவரின் எழுத்துப்பூர்வ ஆணைகளின் கீழ் மருந்து கொடுக்கப்போகிறேன்? எத்தனை பிள்ளைகளுக்கு இன்சுலின், எத்தனை பேருக்கு அட்ரினலின் பேனா? ஆம்புலன்ஸ் வந்து சேர எவ்வளவு நேரம், முகாமின் எந்த மூலையில் போன் சிக்னல் கிடைக்காது? சுற்றுலா போகும்போது மருந்துப் பை யார் கையில்? பூட்டும் வெப்பமானியும் உள்ள குளிர்பெட்டி மருத்துவ அறைக்கென்றே இருக்கிறதா? முகாம் என்றால் இன்னொன்று: வாரத்தில் எந்த 24 மணி நேரம் எனக்கு ஓய்வு, அப்போது சாவியும் போனும் யாரிடம் இருக்கும்? கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வராவிட்டால், அந்த ஓய்வு நாள் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு சம்பளம் பேசுங்கள்.